ஆறு மாதப் பாட்டு

எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அப்புறம் நான் எழுதியிருப்பதில் ஒரு வரிகூட உங்கள் மண்டையில் ஏறாது. அறுபத்தெட்டின் கடைசியில் வந்த ஆங்கிலப் பாட்டு. கிடார், டிரம், முடி வெட்டிக்கொள்ள மறந்துபோன நான்கு இளைஞர்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவன் மழையில் நனைந்துகொண்டே காதலியின் வீட்டுக்கு நடந்து வருகிறான். விஷயம் அவ்வளவுதான். போய்ச் சேர்ந்தானா என்று பாட்டு முடியும்வரை சொல்வதில்லை. அந்தக் காலத்தில் எந்த ரேடியோவைத் திருப்பினாலும் அவன் நடந்துகொண்டுதான் இருந்தான், இன்றைக்குத் திருப்பினாலும் நடந்துகொண்டுதான் இருக்கிறான்.

அந்தப் பாட்டு ஆறு மாதத்தில் செத்துவிடும் என்று சொன்னவர் என் கணவர்.

அவர் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. பல்கலைக்கழகத்தில் அவருக்கு வேலையே, ஒரு பொருள் எவ்வளவு காலம் தாங்கும் என்று கணக்குப் போடுவதுதான். இரும்புத் துண்டு ஒன்றை இயந்திரத்தில் மாட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓயாமல் வளைப்பார்கள். ஒரு நாள் அது களைத்துப்போய்ப் பட்டென்று முறியும். எப்போது முறியும் என்பதை முன்கூட்டியே சொல்வதில் அவர் கெட்டிக்காரர். பாலம் கட்டுகிறவர்கள் அவரிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

"எதையுமே ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வளைச்சா முறிஞ்சுடும். இதை நாள் பூரா போடறான். தாங்காது. ஆறு மாசம், அவ்வளவுதான்," என்றார். சொல்லிவிட்டு, இரும்பைப் பற்றிச் சொன்னால் என்ன நிம்மதி வருமோ அதே நிம்மதியோடு மோர் சாதம் சாப்பிட்டார்.

அப்போது கடல் தாண்டி வந்து, பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசும் ஒரு பனி ஊரில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில், மலைச்சரிவில் இருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். எங்கள் தலைக்கு மேலே மாணவர்கள். அவர்களிடம் பாடப் புத்தகம் இருந்ததோ இல்லையோ, ரெக்கார்ட் பிளேயர் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் மகள் பிறந்தாள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரமானால் போதும், காரணமே இல்லாமல் வீறிட்டு அழுவாள். ஓம வாட்டர் கொடுத்துப் பார்த்தேன், தோளில் போட்டு நடந்து பார்த்தேன். எதற்கும் மசியாத குழந்தை, மேலே அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் கப்பென்று அடங்கிவிடும். என் கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சத்தம் நன்றாக இறங்கி வரும் மூலையில் போய் நின்றுகொள்வார். முகம் மட்டும் கசாயம் குடித்த மாதிரி இருக்கும்.

"இந்தப் பாட்டு ஆறு மாசத்துல போயிடுமே, அப்புறம் கொழந்தை தூங்கறதுக்கு என்னன்னா பண்ணப் போறேள்?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள நம்ம பாட்டு பழகிடும்," என்றார்.

அதுதான் அவருடைய ஆசை. வாழ்க்கையில் அவர் வேறு எதற்கும் பெரிதாக ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. சொந்த வீடு வேண்டும் என்றதுகூட நான்தான். தன் மகள் தன் எதிரே உட்கார்ந்து பாட வேண்டும், தான் கேட்க வேண்டும், அவ்வளவுதான். மெட்ராஸில் படிக்கும் காலத்தில் மார்கழி முழுக்க சபாவே கதி என்று கிடந்தவர், அதுவும் காண்டீன் பக்கம் எட்டிப் பார்க்காமல். ராகத்தின் முதல் இழையிலேயே பெயரைச் சொல்லிவிடுவார். ஆனால் வாயைத் திறந்து ஒரு வரி பாடச் சொன்னால், ஜனவரி மாதத்துக் காலையில் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும் எங்கள் கார் தேவலை என்று தோன்றும். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் மகள் மேல் அவ்வளவு ஆசை வைத்திருந்தார்.

மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. கல்யாணத்துக்கு வேண்டிய அளவு எனக்குப் பாட்டு தெரியும். பெண் பார்க்க வந்த அன்று, எல்லார் வீட்டுப் பெண்களையும் போல என்னையும் பாடச் சொன்னார்கள். நான் பாடினேன். மாப்பிள்ளை கையில் பஜ்ஜித் தட்டோடு இரண்டு இடத்தில் என்னை நிறுத்தித் திருத்தினார். அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். என் அப்பாவோ "பையனுக்கு என்ன ஞானம் பார்த்தியா!" என்று பூரித்துப்போய்த் தேதி குறித்துவிட்டார்.

அவருடைய வலது கை ஆள்காட்டி விரலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தப்பு என்று எது காதில் விழுந்தாலும் அந்த விரல் தானாக மேலே எழும். மாணவன் கரும்பலகையில் தப்பாக எழுதினால் எழும், விருந்தில் யாராவது ராகத்தை மாற்றிச் சொன்னால் எழும். கோபமெல்லாம் கிடையாது. தும்மல் வருவதுபோல அது வரும், அவரால் அடக்க முடியாது.

மகளுக்கு நாலு, ஐந்து வயதிருக்கும்போது சமையலறையில் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொல்லிக்கொடுத்த கீதம் ஒன்றை அழகாகப் பாட ஆரம்பித்திருந்தாள். ஒரு சனிக்கிழமை அப்பா எதிரே உட்கார்ந்து பாடினாள். இரண்டாவது வரியில் விரல் எழுந்தது.

"நில்லு. ஸ்ருதி சேரலை. திரும்ப."

திரும்பப் பாடினாள். திரும்ப நிறுத்தினார். அன்பாகத்தான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. "என் கண்ணு, இன்னொரு தரம்" என்றெல்லாம் கொஞ்சிக் கொஞ்சித்தான் நிறுத்தினார். கொஞ்சி நிறுத்தினாலும் நிறுத்தினது நிறுத்தினதுதானே! அந்தக் கீதம் அன்று மூன்றாவது வரியைத் தாண்டவேயில்லை. குழந்தை எழுந்து போய்த் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் எதிரே அவள் பாட வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் தமிழும் அதே வழியில் போயிற்று. அப்பா தமிழில் கேட்பார், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவர் விடாமல் கேட்டால் பிரெஞ்சில் சொல்வாள், அது அவருக்குப் புரியாது என்று தெரிந்தே.

என்னிடம் மட்டும் பாடுவாள். வாசல் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் குழாயை மூடினது போலப் பாட்டு நின்றுவிடும். இதைக் கண்டுபிடித்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சாவி போடாமல், பனி பூட்ஸோடு, கையில் பையோடு, வெளியே நடையில் நின்றுகொண்டு கதவில் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தார். எதிர் வீட்டு அம்மாள் நாயோடு வெளியே வந்து "போன்ஜூர், முஸ்யூ!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துவாள். உள்ளே பாட்டு நின்றுவிடும். அவர் ஒன்றும் நடக்காதது போலச் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வருவார். தன் வீட்டு வாசலிலேயே திருடன் மாதிரி நின்ற மனுஷனைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"விரலைத் தூக்காம இருங்கோ, பாடுவா," என்றேன்.

"தப்புன்னா தப்புன்னு சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம்."

"அது எப்படி?" என்றார், நிஜமாகவே புரியாமல்.

இதற்கிடையே ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. பாட்டு சாகவில்லை. "இன்னும் கொஞ்ச நாள். முறியறதுக்கு முன்னாடி இரும்பு இப்படித்தான் நன்னா இருக்கற மாதிரி இருக்கும்," என்று தவணை கொடுத்தார். மூலையில் இருந்த தெப்பனேரில், அதாவது பெட்டிக்கடையில், பால் வாங்கப் போனால், கடைக்காரர் பீர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே அதைச் சீட்டியடித்தார். பல் டாக்டரிடம் என் கணவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோது அது வந்தது, அவரால் ஆட்சேபம்கூடச் சொல்ல முடியவில்லை. மலைமேல் ஏரி உறைந்து பிள்ளைகள் சறுக்கும்போது ஒலிபெருக்கியில் அதுதான். அப்புறம் ஒரு பெண் அதையே பிரெஞ்சில் பாடி வெளியிட்டாள். ஊரில் பாதிப் பேர் மொழிக்காக மீதிப் பேரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. இந்த ஒரு பாட்டை மட்டும் இரண்டு தரப்பும் தங்களுடையது என்றார்கள்.

எனக்கு அந்தப் பாட்டு பிடிக்குமா என்று கேட்டால், முதலில் பிடிக்கவில்லை. பிறகு கவனித்தேன். அது ஏன் நிற்கிறது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு, என் கணவரிடம் சொன்னதில்லை. அந்தப் பாட்டை யார் வேண்டுமானாலும் பாடலாம். குரல் வேண்டாம், பயிற்சி வேண்டாம், ஜலதோஷம் இருந்தாலும் பரவாயில்லை. தப்பாகப் பாடினால் தப்பென்று சொல்ல உலகத்தில் ஒருவருக்கும் உரிமை கிடையாது. குளியலறையில் வெந்நீர் ஓட என் மகள் அதைத் தொண்டை கிழியப் பாடியபோதுதான் இது எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் அப்பா பண்டிதராக இல்லாத ஒரே சமாசாரம் அதுதான். அவள் அங்கே போய் ஒதுங்கிக்கொண்டாள்.

ஒரு பாட்டின்மேல் பொறாமைப்பட்ட மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா? நான் எட்டு வருடம் பார்த்தேன். குளியலறையிலிருந்து அது கேட்கும்போதெல்லாம் பேப்பரைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்வார். "இன்னுமா இது?" என்பார். பேப்பர் மட்டும் பக்கம் திரும்பாது.

இன்னொன்றையும் நான் பார்த்தேன். ஒரு நாள் புவாண்ட்-கிளேரில் இருக்கும் பெரிய கடைத்தொகுதிக்குக் குளிர் கோட்டு வாங்கப் போயிருந்தோம். நான் உள்ளே போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் கைநிறையக் கோட்டுகளோடு வெளியே நின்றார். கடைக்குள் அந்தப் பாட்டை வயலினும் புல்லாங்குழலுமாக, வார்த்தையில்லாமல், சர்க்கரைப் பாகு மாதிரி போட்டார்கள். திரைச்சீலை இடுக்கால் எட்டிப் பார்த்தேன். கோட்டு மலைக்கு அடியில் அவருடைய இடது கால், பிசகாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்து காலையே பார்த்தேன். கால் நின்றது.

"மரத்துப் போச்சு, உதறிண்டேன்," என்றார்.

போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சில விஷயங்களைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதுதான் ருசி என்று கற்றுக்கொண்டிருந்தேன்.

இனி கொலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் ஊரில் நம் பக்கத்துக் குடும்பங்கள் சொற்பம். டாக்டர்கள், என்ஜினியர்கள், எங்களைப் போன்ற வாத்தியார்கள். நவராத்திரியில் வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் கொலு. புத்தக அலமாரிப் பலகை, சூட்கேஸ், என் கணவரின் ஆராய்ச்சிப் பத்திரிகைக் கட்டுகள் எல்லாவற்றையும் அடுக்கி, மேலே அவருடைய எட்டு முழ வேட்டியை விரித்தால் படிகள் தயார். மெட்ராஸிலிருந்து துண்டில் சுற்றிக்கொண்டு வந்த பொம்மைகள்தான் வைப்போம். தசாவதார செட்டில் பரசுராமர் விமானப் பயணத்தில் உடைந்துபோனார். அந்த இடத்தில் என் மகள் தன் பிளாஸ்டிக் ஹாக்கி வீரனை நிறுத்தியிருந்தாள். கோடரிக்குப் பதில் மட்டை. யாரும் குறை சொல்லவில்லை.

வெற்றிலை கிடைக்காது. எனக்குத் தாவரவியலில் பட்டம் உண்டு. இந்த ஊரில் அது பயன்பட்டது ஒரே ஒரு முறைதான்: சிவப்பேறிய மேப்பிள் இலைகளில் நல்லதாகப் பொறுக்கி, கழுவித் துடைத்து, அதன்மேல் பாக்கும் ஆப்பிளும் குங்குமமும் வைத்துத் தாம்பூலமாகக் கொடுத்தேன். புவாண்ட்-கிளேர் மாமி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "லக்ஷணமா இருக்கு," என்றார். அடுத்த வருடம் எல்லார் வீட்டிலும் மேப்பிள் இலைதான்.

மாமி அப்படிப்பட்டவர். எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து குடியேறியவர், வயதிலும் மூத்தவர். அவர் சரி என்றால் அது சாஸ்திரம். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். நோயாளிகளைத் தூங்க வைப்பது தொழில்; கொலுவில் பாடும்போதும் தொழிலை விடுவதில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். வருடா வருடம் அதே நீளமான கீர்த்தனை. கர்நாடக சங்கீதம் தவிர மற்ற எல்லாப் பாட்டும் அவருக்குத் தெருவில் பனி வாரும் வண்டியின் சத்தத்தோடு சேர்த்தி, காதில் விழும், உள்ளே போகாது.

கொலுவுக்கு வந்தால் பாட வேண்டும், அதுதான் வழக்கம். பாடாமல் சுண்டல் கிடையாது. எல்லாரும் முதலில் "தொண்டை சரியில்லை" என்பார்கள், அப்புறம் இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். நம் ஊரில் இது பெண்கள் கூட்டம், ஆண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். இங்கே கார் ஓட்டிக்கொண்டு வந்தவர்களைத் தெருவில் நிறுத்தவா முடியும்? அவர்களும் சுவரோரமாகக் கோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். என் கணவர் நடுநாயகமாக இருப்பார். யார் பாடினாலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடுவார்கள், விரல் எழுகிறதா என்று.

என் மகள் மட்டும் ஒவ்வொரு வருடமும் பாடும் நேரத்தில் கோட்டுகள் குவித்திருக்கும் படுக்கையறையில் போய் ஒளிந்துகொள்வாள். எங்கள் ஊரில் ஒலிம்பிக்ஸ் நடந்து முடிந்த மறுவருடம், அவளுக்கு எட்டு வயதில், மாமி அதற்கு ஒரு முடிவு கட்டினார். கோட்டுக் குவியலிலிருந்து பட்டுப்பாவாடையோடு அவளை இழுத்து வந்து கொலுவின் முன்னால் உட்கார வைத்தார்.

"இந்தக் கொழந்தை பாடாம இந்தாத்துல நான் சுண்டல் வாங்கிக்க மாட்டேன்," என்றார்.

 மாமி சுண்டல் வாங்காமல் போனால் எனக்கு அதைவிட அவமானம் இல்லை. ஆனால் என் கவலை சுண்டல் இல்லை. என் கணவரைப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள் பாடாமல் எழுந்து போனால், அல்லது பாடி அவர் நிறுத்தினால், இனி ஒருநாளும் அவர் கேட்கப்போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

"எனி சாங்?" என்று மகள் மாமியைக் கேட்டாள்.

"எதுவானாலும் பாடு. அம்பாளுக்கு எல்லாம் ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு மாமியே சுருதிப்பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு துருத்தியை அமுக்க ஆரம்பித்தார்.

என் மகள் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, சுருதியைக் கேட்டுக்கொண்டு, நிதானமாக அந்தப் பாட்டை எடுத்தாள்.

மழை, கடைசி பஸ், காதலி வீடு எல்லாம்தான். ஆனால் கிடாரும் டிரம்மும் இல்லாமல், சுருதிப்பெட்டியின் மேல், நான் சொல்லிக்கொடுத்த கமகங்களை அங்கங்கே அவளாகச் சேர்த்துப் பாடியபோது, அது வேறு ஏதோ ஒன்றாக இருந்தது. மாமி கண்ணை மூடித் தலையாட்டினார். லொங்குய்யிலிருந்து வந்திருந்த சின்ன வயசுப் பெண் ஒருத்திக்கு மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கை நிறையச் சுண்டலை வாயில் அடைத்துக்கொண்டு சமாளித்தாள். மற்ற இளசுகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேட்டி விரித்த படிகளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்தின் நடுவில் வார்த்தை மறந்துபோயிற்று. நின்றாள். கண்ணைத் திறந்தாள். பழக்க தோஷம், நேராக அப்பாவைப் பார்த்தாள்.

விரல் எழுந்தது.

 "வேண்டாம்னா" என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பேன், சத்தம் வரவில்லை. இந்த மனிதரை இப்போதே எழுந்து போய் உலுக்கிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் தொண்டையைக் கனைத்தார். அடுத்த வரியை அவரே பாடினார்.

பாடினார் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். அந்தக் குரலில், கும்பகோணத்து ஆங்கிலத்தில், மறந்துபோன வரியையும் அதற்கடுத்த வரியையும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். எட்டு வருடமாக அந்தப் பாட்டு எப்போது முறியும் என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது முழுக்க மனப்பாடம். விரல் மட்டும் மேலேயே நின்றது, அதைக் கீழே இறக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

என் மகள் முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, ஸ்ருதி சேரலை," என்றாள். தமிழில். "திரும்ப."

கூடமே கொல்லென்று சிரித்தது. லொங்குய்ப் பெண்ணுக்குச் சுண்டல் புரையேறிவிட்டது. என் கணவர் சிரிக்கவில்லை. சுருதிப்பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்து, மிகவும் பணிவாக, அந்த வரியைத் திரும்பப் பாடினார். அவள் இன்னும் சேரவில்லை என்று தலையாட்டினாள். இன்னொரு தரம் பாடினார். போனால் போகிறது என்று அவள் அங்கிருந்து வாங்கிக்கொண்டு கடைசிவரை பாடி முடித்தாள். அவர் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மாமி துருத்தியை நிறுத்தினார். "ரொம்ப நன்னாருந்தது. இங்கிலீஷ் நோட்டுதானே? கச்சேரி முடியறச்சே வாசிப்பாளே. இதெல்லாம் கேட்டு எத்தனை காலமாச்சு!" என்றார்.

இளசுகள் எல்லாம் என் கணவரைப் பார்த்தார்கள். தப்பைத் தப்பென்று சொல்லாமல் ஒரு நிமிடம்கூட இருக்க முடியாத மனிதர். கச்சேரியின் கடைசியில் வாசிக்கும், வெள்ளைக்கார மெட்டில் அமைந்த இங்கிலீஷ் நோட்டுகளின் சரித்திரத்தையே கரைத்துக் குடித்தவர். வாயைத் திறந்தார், மகளைப் பார்த்தார்.

"ஆமா மாமி. பழைய நோட்டு," என்றார்.

"அப்போ மங்களம் ஆயாச்சு. கற்பூரத்தை ஏத்து," என்று மாமி என்னிடம் உத்தரவு போட்டார். அம்பாளுக்கும் விஷ்ணுவின் அவதாரங்களுக்கும் ஹாக்கி வீரனுக்கும் கற்பூரம் காட்டினோம். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மாமி சொன்னால் சாஸ்திரம் என்று சொன்னேன் அல்லவா? அடுத்த வருடம் லொங்குய் வீட்டுக் கொலுவில் கடைசியில் எல்லாரும் கிளம்பும் நேரத்தில், "அந்த நோட்டு பாடலையே!" என்றார். பாடினார்கள். அதற்கடுத்த வருடம் மாமியே பாடினார், ஒரு சின்ன ஆலாபனையோடு. அதைக் காதல் பாட்டு என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. பிறகு சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. ரேடியோக்காரர்கள் அந்தப் பாட்டைக் கைவிட்டிருந்தால்கூட எங்கள் ஊர்க் கொலுக்களில் அது இருந்திருக்கும். என் கணவரின் கணக்கில் இதற்கெல்லாம் இடமில்லை. "இரும்பு வேற, பாட்டு வேற," என்று ஒருநாள் தானாகவே ஒப்புக்கொண்டார். அதைக் கேட்க நான் பத்து வருடம் காத்திருந்தேன். கேட்டதும் காபி போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதெல்லாம் இல்லை. மகள் முதல் முதலாகப் பாடிய அந்தக் கொலு முடிந்து வந்த சனிக்கிழமை.

காலை பத்து மணி இருக்கும். நான் பருப்பு வேக வைத்துவிட்டுப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் மேஜைமேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, பழைய கீதத்தைப் பாடிக்கொண்டிருந்தாள். என் கணவர் நூலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பினார். சாவி திரும்பிய சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவளுக்கும் கேட்டது. நான் கத்தியைப் பிடித்தபடி நின்றேன்.

பாட்டு நிற்கவில்லை.

அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று என்னைக் கண்ணால் கேட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பாமல் நேராகத் தொட்டிக்குப் போய், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, காலைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தார். கல்யாணமான நாளாக அவர் அந்தத் தொட்டியருகே நின்று நான் பார்த்ததில்லை. கை இரண்டும் சோப்பு நுரைக்குள் இருந்தால் தூக்க முடியாது என்று கணக்குப் போட்டிருப்பார் போல. குழாயைக்கூட மெல்லிய நூலாகத்தான் திறந்திருந்தார், சத்தம் கேட்காமல்.

மகள் முதல் வரி பாடினாள், இரண்டாவது வரி பாடினாள். இரண்டாவதில் ஓரிடத்தில் அவர் கையில் இருந்த டம்ளர் ஒரு கணம் நின்றது. பிறகு சுழன்றது. மூன்றாவது வரி, நான்காவது வரி என்று அந்தக் கீதம் எங்கள் வீட்டில் முதல் தடவையாக அவர் எதிரே கடைசிவரை போயிற்று. அவள் மேஜையிலிருந்து குதித்து இறங்கி, "அம்மா, நான் வெளியில போறேன்," என்று கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

அவர் கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.  இந்த மனிதர் பாத்திரம் தேய்த்தே செத்துப்போனாலும் போவார், வாயைத் திறக்க மாட்டார் என்று நினைத்தேன்.

"ரெண்டாவது அடில காந்தாரம் கொஞ்சம் ஏறிடுத்து. கவனிச்சியோ?" என்றார் கடைசியில், மிக மெதுவாக.

"கவனிச்சேன்."

குழாயை மூடினார். ஈரக் கையோடு வாசல்வரை போய், மகள் படியிறங்கிவிட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அவகிட்ட சொல்லிடாதே," என்றார்.